வரப்போரத்தில் தீ கடையலாம், கயிறு திரிக்கலாம்

மேய்ச்சல் காட்டில் ஓர் இடையன். மந்தை மேய்கிறது, அவனுக்குப் பொழுது போக வேண்டும். காய்ந்த கோல் ஒன்றைக் கையால் கடைந்து தீ உண்டாக்குகிறான். அந்தக் கொள்ளியால் குழலில் துளை போட்டு ஊதுகிறான். குழல் சலித்துப் போனதும் குமிழ மரத்தின் உள் துளையுள்ள கொம்பை எடுத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, யாழ் ஒன்று செய்து மீட்டுகிறான். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை சொல்லும் செய்தி இது. அந்நூல் தீக்கடைகோலை ஞெலிகோல் என்கிறது.

கத்தி, கயிறு, தீ, இரண்டு கை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் காலம் தள்ளும் வித்தையை மேல்நாட்டார் இன்று 'புஷ்கிராஃப்ட்' என்று அழைக்கிறார்கள். பணம் கட்டி, முகாமில் தங்கி இதைக் கற்றுக்கொள்கிறவர்கள் பல நாடுகளில் உண்டு. பிழைப்புக்காக அவர்கள் கற்பதில்லை. ஒரு சந்தோஷத்துக்காகத்தான். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து முகாம் நடத்தியபோதே தடம் பார்ப்பது, தீ மூட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் பாடத்தில் இருந்தன.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிளான்ட் 2015-இலிருந்து யூடியூபில் காட்டிவருவது இந்த வித்தையின் உச்சம். இடுப்பில் ஒரு கால்சட்டை. அதைத் தவிர ஆயுதம் கிடையாது, பேச்சும் கிடையாது. கல்லைத் தேய்த்துக் கோடரி செய்கிறார். கோலைக் கடைந்து தீ எடுக்கிறார். குச்சிகளைப் பின்னித் தட்டி கட்டி, மண் பூசிச் சுவர் வைத்து, களிமண்ணைச் சுட்டு ஓடு தயாரித்துக் கூரை போடுகிறார். பக்கத்திலேயே சர்க்கரைவள்ளியும் நட்டு வளர்க்கிறார். கோடிக்கணக்கானவர்கள் வாய் பிளந்து பார்க்கும் அந்தத் தட்டிச் சுவரைப் பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய மாட்டுக் கொட்டகையும் சோளம் வைக்கும் குதிரும் அப்படிக் கட்டியவைதானே!

அவரைப் பார்த்துக் காப்பியடித்தவர்களும் கிளம்பினார்கள். வெறுங்கையால் நீச்சல் குளமே வெட்டியதாகக் காட்டிய படங்கள் பலவற்றில், மறைவில் மண்வெட்டும் இயந்திரம் வேலை செய்தது பிறகு வெளியாயிற்று. நம் பிள்ளைகள் கைபேசியில் பார்ப்பதில் இந்த இரண்டு வகையும் கலந்தே வருகிறது. மண்ணை வெட்டிப் பழகிய விவசாயிக்கு எது நிஜம், எது பொய் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரண்டு ஆள் ஒரு நாளில் எவ்வளவு மண் எடுக்க முடியும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஞெலிகோல் கடையும் முறை

தீ கடைவதில் கையால் உருட்டுவது ஒரு முறை. வில்லால் சுழற்றுவது மற்றொரு முறை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வில் முறையே ஏற்றது. பழைய தச்சர்கள் துறப்பணத்தை வில் கயிற்றால் சுழற்றித் துளை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். யாகசாலையில் அரணிக் கட்டையைக் கயிறு கொண்டு கடைவதும் இதே தத்துவம்தான். மத்தால் மோர் கடைவது போலக் கயிறு முன்னும் பின்னும் போய்வரும்.

வேண்டிய பொருள்கள் நான்கு. அடிக்கட்டை ஒன்று, அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் கனத்தில் தட்டையாக. கடைகோல் ஒன்று, முக்கால் அங்குல விட்டத்தில் சுமார் 8 அங்குல நீளம். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான, லேசாக வளைந்த கொம்பில் பருத்திக் கயிறு கட்டிய வில். மேலே அழுத்திப் பிடிக்க ஒரு கொட்டாங்கச்சி.

மரம் எது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வேம்பு, புளி, கருவேல் போன்ற வைரம் பாய்ந்த மரங்களை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டாம். கை வலிப்பதுதான் மிச்சம். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிகிற மென்மையான, நன்றாகக் காய்ந்த, பிசின் இல்லாத மரம் வேண்டும். வேலியோரங்களில் நிற்கும் ரயில் கற்றாழை ஆயுளில் ஒரே முறை கம்பம் போலப் பூந்தண்டு விட்டு, அத்தோடு பட்டுப்போகும். அந்தக் காய்ந்த தண்டு அடிக்கட்டைக்கும் கடைகோலுக்கும் முதல் தரமானது. காய்ந்த எருக்கந்தண்டும் கடைகோலாக உதவும். ஆனால் பச்சை எருக்கை ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். கள்ளிப்பாலும் அப்படியே.

அடிக்கட்டையின் விளிம்பை ஒட்டி ஒரு சிறு குழி தோண்டி, வில் கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிய கோலைக் குழியில் நிறுத்திச் சற்று நேரம் கடைந்தால், குழி கருகி வட்டமாகிவிடும். அதன் பிறகு விளிம்பிலிருந்து குழியின் மையத்தை நோக்கி ஆப்பு வடிவில் ஒரு வெட்டுக் கொடுக்க வேண்டும். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவு இருந்தால் போதும். கடையும்போது உதிரும் பொடி இந்த வெட்டில்தான் சேர்ந்து கனல வேண்டும். பலர் இந்த வெட்டைப் போடாமலோ, மையம் வரை போகாமலோ விட்டுவிட்டு, புகை வருகிறதே தவிர நெருப்பு வரவில்லையே என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

வெட்டுக்கு அடியில் ஒரு காய்ந்த இலையை வைத்துக்கொண்டு, இடது காலால் அடிக்கட்டையை மிதித்து, கொட்டாங்கச்சியைப் பிடித்த கையை முழங்காலோடு அணைத்து, வில்லை முழு நீளத்துக்கும் இழுத்து இழுத்துக் கடைய வேண்டும். கொட்டாங்கச்சிக் குழியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மேல் பக்கம் வழுக்கிக்கொண்டு சுழலும். கீழ்ப் பக்கம் மட்டும் சூடேறும். தொடக்கத்தில் மெதுவாகக் கடையலாம். புகை கிளம்பிய பிறகு வேகத்தையும் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அந்த நேரத்தில் நிறுத்தினால் எல்லாம் வீண்.

பொடியின் நிறத்தைப் பார்த்தே நிலைமையை அறியலாம். வெளிறிய பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாக விழுந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கறுப்பாக நயமாக விழுந்தால் சரியான பக்குவம். கடைவதை நிறுத்திய பின்னும் பொடிக் குவியலிலிருந்து தானாகப் புகை வந்துகொண்டிருந்தால் கனல் பிறந்துவிட்டது என்று பொருள். அவசரப்படக் கூடாது. கோலை எடுத்துவிட்டு, அடிக்கட்டையை மெல்லத் தட்டிக் கனலை இலையில் இறக்கி, தேங்காய் நாரையும் பனம் பன்னாடையையும் கசக்கிக் குருவிக் கூடு போல உருட்டி வைத்ததன் நடுவில் வைத்து, மூடிப் பிடித்து, நீளமாக ஊத வேண்டும். புகை கெட்டியாகி, சட்டென்று சுடர் எழும்பும். முதல் நாளே தீ வந்துவிட்டால் அதிர்ஷ்டம். ஒரு வாரம் பழகியும் வராமல், கட்டையை மாற்றிய மறுநாள் வருவதும் உண்டு.

ஈரப்பதம் நிறைந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நார் காய்வதே கஷ்டம். தை, மாசி மாதங்கள் பழகுவதற்கு ஏற்றவை. அதே மாதங்களில்தான் அறுவடை முடிந்து வைக்கோல் போர் நிற்கிறது, கரும்புத் தோகை காய்ந்து கிடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. போருக்கும் கூரை வீட்டுக்கும் எட்டாத வெறும் களத்தில், காற்று இல்லாத காலை வேளையில், ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். காட்டில் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் மலைப் புல் எவ்வளவு வேகமாகப் பற்றி ஏறும் என்பதை அந்த நாள் காட்டியது.

கிழங்கில் எச்சரிக்கை

காட்டு வித்தை என்றவுடன் இளைஞர்களுக்குத் தோன்றுவது, கிடைத்ததைத் தோண்டிச் சுட்டுத் தின்பது. உயிரோடு விளையாடும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் விவசாயிகள் அழைக்கிறார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களிலும் வேதாரண்யம் பகுதியிலும் இதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதில் உள்ள கோல்சிசின் என்ற பொருள் வீக்க வாத நோய்க்கு மருந்தாகிறது. மருந்தாகும் அதே பொருள் கிழங்கிலும் இருக்கிறது. கிழங்கைத் தின்றால் அது எமன். சுட்டாலும் வேகவைத்தாலும் நஞ்சு முறிவதில்லை. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு.

இந்த நஞ்சின் கெடுதல் உடனே தெரியாததுதான் கொடுமை. தின்ற சில மணி நேரம் வரை ஒன்றும் இருக்காது. பிறகு வாந்தியும் பேதியும் காலரா போலத் தொடங்கும். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காலம் கடத்தினால், அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகமும் இருதயமும் கெடும். இதற்கென்று தனி மாற்று மருந்து கைவசம் இல்லாததால், எவ்வளவு சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோமோ அவ்வளவு நல்லது. தின்றதில் மிஞ்சிய கிழங்குத் துண்டைக் கையோடு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை, கொடி பச்சையாக இருக்கும் வரை. செங்காந்தள் இலை ஈட்டி போல நீண்டிருக்கும்; அதன் நுனி சுருள் கம்பியாக நீண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். வள்ளிக் கொடிகளின் இலை பெரும்பாலும் இருதய வடிவில் இருக்கும். நுனியில் சுருள் கிடையாது. கொடியே முறுக்கிக்கொண்டு ஏறும். காந்தளின் கிழங்கு கலப்பை போல இரண்டு கவையாக, வழவழப்பாக இருக்கும். சிக்கல் வருவது காய் பறித்த பிறகுதான். கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். அப்போது தோண்டினால் இலையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே, இலையும் கொடியும் கண்ணால் பார்க்காத கிழங்கைத் தோண்டி வாயில் வைப்பதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

கண்வலிக்கிழங்கு பயிரிடும் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. நடவுக்கு வைத்திருக்கும் விதைக் கிழங்கைச் சமையலறைப் பக்கமோ, சர்க்கரைவள்ளி, கருணை போன்றவற்றுக்கு அருகிலோ வைக்கக் கூடாது. தனிச் சாக்கில் கட்டி, அடையாளத் துணி ஒன்றையும் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நலம். வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்திருந்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும்.

காட்டு வள்ளி வகைகளிலும் எல்லாம் உண்ணத் தக்கவை அல்ல. சிலவற்றை மெல்லிதாகச் சீவி, வேகவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கிய பிறகே மலைவாழ் மக்கள் உண்கிறார்கள். அந்தப் பக்குவம் தெரியாதவர்கள் தோட்டத்து வள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம். தீக்கங்கில் சர்க்கரைவள்ளியைச் சுட்டுத் தின்பதிலும் ருசிக்குக் குறைவில்லை.

தடம் பார்ப்பது

வயலில் வசிப்பவருக்கு உடனே பலன் தரும் வித்தை தடம் பார்ப்பது. இதில் கைதேர்ந்தவர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இருளர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துப் பாம்புத் தோல் வியாபாரம் நின்று, அவர்களுடைய பிழைப்புப் போயிற்று. 1978-இல் அவர்களுக்காக இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தது. இரண்டு வாரத்துக்குள் அவர்கள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு தராத ஒன்றை வரப்பும் புதரும் அவர்களுக்குத் தந்திருக்கின்றன.

பாம்புத் தடத்தைப் பின்தொடர்வது மற்றவர்களுக்கு வேண்டாத வேலை. எலித் தடம் பார்க்கலாம். அதிகாலையில் சூரியன் சாய்வாக இருக்கும்போது, வெளிச்சத்துக்கு எதிராக நின்று வரப்பைப் பார்த்தால், உச்சி வெயிலில் தெரியாத சின்னத் தடமெல்லாம் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். வளை வாயில் புது மண் பொலபொலவென்று குவிந்து வாயை அடைத்திருந்தால் உள்ளே எலி குடியிருக்கிறது. வாய் திறந்து, சிலந்தி வலை கட்டியிருந்தால் காலி வளை. சந்தேகமாக இருந்தால் மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்க்கலாம். மருந்து வைப்பதானாலும் கிட்டி வைப்பதானாலும், குடியிருக்கும் வளையில் மட்டும் வைத்தால் செலவு மிச்சம். வரப்பில் உள்ள எல்லா வளையிலும் கையை விடுவது மட்டும் கூடாது. எலி போன வளையில் பாம்பு வந்து தங்குவது வழக்கம்.

பொழுதுபோக்கு என்று முயலுக்குக் கண்ணி வைப்பது, கௌதாரி பிடிப்பது, உடும்பு தேடுவது எல்லாம் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் குற்றமே. சொந்த வயலும் களமும் வேலியோரமும் இந்த வித்தைகளுக்குத் தாராளமாகப் போதும்.

தண்ணீர் விஷயம் பலருக்கும் தெரிந்ததே. கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க, தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் மண் அடியில் படிந்துவிடும். முருங்கை விதையை இடித்துப் போட்டாலும் அப்படியே. தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

இரவில் மோட்டார் போடப் போகிறவர்கள் வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பார்க்கலாம். வடக்கே போகப் போக அது உயரும். கையை நீட்டி மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி சுமார் 10 பாகை. சென்னைப் பக்கத்தில் அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே தெரியும். கன்னியாகுமரியில் ஒரு முட்டிக்கும் குறைவு. தென்னந்தோப்பு இருந்தால் மறைந்துவிடும்.

மரல் நார்

இடையன் யாழுக்கு நரம்பாகக் கட்டிய மரல் இன்றும் நம் வேலிகளில் மருள் என்ற பெயரில், புதர் நிழலில், கத்தி கத்தியாக இலை விட்டு வளர்கிறது. வில்லுக்கு நாண் கட்டிய நார் இது. நீளமான முற்றிய இலையை அடியோடு அறுத்து, பலகையில் கிடத்தி, மழுங்கிய கத்தியால் அடியிலிருந்து நுனிக்கு அழுத்திச் சுரண்டினால் பச்சைச் சதை வழிந்து, வெள்ளை நார் நிற்கும். தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ரயில் கற்றாழையிலும் நார் எடுக்கலாம். அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும் என்பதால் மருளே மேல்.

கயிறு திரிக்க நாரை இரண்டு புரியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கமாக முறுக்கி, முறுக்கிய புரியை மற்றதன் மேல் இடப்பக்கமாகப் போட வேண்டும். புரியின் முறுக்கு ஒரு திசை, கயிற்றின் முறுக்கு எதிர்த் திசை. இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால், கையை விட்டாலும் கயிறு பிரியாது. நார் தீரும் முன்பே புது நாரைச் சேர்க்க வேண்டும். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் இணைத்தால் அங்கேயே அறும். அரை முழம் தள்ளித் தள்ளி இணைப்பது முறை. நார் லேசாக ஈரமாக இருக்கும்போது திரித்தால் முறுக்கு நன்றாகப் படியும். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பில் வரப்போரம் பத்துச் செடியை முற்றவிட்டு, தண்டை ஊறவைத்து உரித்தால் அதிலும் இதே போலத் திரிக்கலாம்.

மருளைப் பெருக்குவதும் எளிது. வேலியில் உள்ள தூரைக் கிளறினால் கிழங்கு போன்ற அடித்தண்டு நீளமாக ஓடியிருக்கும். ஒரு கணு உள்ள துண்டாக வெட்டி, மழைக்கு முன் ஒரு அடி இடைவெளியில் நிழலான வேலியோரத்தில் ஊன்றிவிட்டால் போதும். தண்ணீர் விட வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் அழுகிவிடும். முதல் ஆண்டு இலை அறுக்காமல் விட்டுவைக்க வேண்டும்.